இரண்டாவது அப்லேஷன்: பழைய ரிப்போர்ட்டைக் கேட்காத டாக்டர் வேண்டாம்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறுக்கு, ஒருமுறை அப்லேஷன் (இதயத்துக்குள் கம்பி விட்டு, கோளாறைக் கிளப்பும் இடங்களைச் சுடுவது) முடிந்துவிட்டது. சில மாதம் நாடி ஒழுங்காக ஓடியது. பிறகு மாடிப்படி ஏறும்போது மறுபடி அதே படபடப்பு. “ரீடூ பண்ணிடலாம்”, அதாவது மறுபடி செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். அந்த ரீடூ அப்லேஷனை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, யாருக்குப் பயன், எங்கே சொதப்பும், யாரிடம் போவது என்று இங்கே எடைபோடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் முறைக்குப் பிறகு ஓரளவாவது நன்மை தெரிந்து, திரும்பி வந்த கோளாறு ஈ.சி.ஜி.யில் பதிவாகி, இன்னும் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தால் ரீடூ நல்ல முடிவுதான். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆனால் முதல் முறை உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாமல் செய்யும் ரீடூ பாதி குருட்டு வேலை. அதனால் நட்சத்திரம் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் வரவேற்பறைக்கு இல்லை, பழைய ஃபைலுக்கு.

அந்த ஃபைலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. அதில் “நான்கு நுரையீரல் சிரைகளும் வெற்றிகரமாகத் தனிமைப்படுத்தப்பட்டன” (கோளாறான மின்சமிக்ஞை அவற்றிலிருந்து மேலறைக்குள் வராதபடி சுற்றிச் சுடப்பட்டன) என்ற ஒற்றை வரிதான் இருக்கும். தேவைப்படுவது அப்லேஷன் நடந்த அறையான கேத் லேப்பில் எழுதிய புரொசீஜர் ரிப்போர்ட். எந்தச் சக்தியைப் (சூடா, குளிரா, மின்துடிப்பா) பயன்படுத்தினார்கள், இடப்பக்கச் சிரைகள் இரண்டும் ஒரே வாயாக இருந்தனவா, சிரைகளைத் தவிர மேலறையின் கூரையிலோ பின்சுவரிலோ மைட்ரல் வால்வு பக்கமோ கோடு போட்டார்களா (வரிசையாகச் சுட்டார்களா) என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கோடு போட்டிருந்தால் அதன் இரண்டு திசையிலும் மின்னோட்டம் நின்றதா என்று சோதித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் தலையாயது. அரைகுறையாக நின்ற கோடு, கோடே இல்லாததைவிட மோசம். அதைச் சுற்றியே ஒரு புதிய மின்சுழல் உருவாகி, ஃபிப்ரிலேஷன் போய், ஒரே வேகத்தில் ஓடும் ஃப்ளட்டர் என்ற இன்னொரு துடிப்புக் கோளாறு வந்து உட்காரும். ரிப்போர்ட்டோடு மின்னழுத்த வரைபடத்தின் படங்களும் கிடைத்தால் இன்னும் நல்லது. இரு முனைகளுக்கு இடையே 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே உள்ள இடங்கள் நலிந்த திசு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலறை எவ்வளவு வடுவாகியிருந்தது என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, திரும்பி வந்தது உண்மையிலேயே திரும்பி வந்ததுதானா?

அப்லேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் வரும் படபடப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுட்ட இடம் வீங்கி ஆறும் காலம் அது. முன்பு இந்தப் பொறுத்திருக்கும் காலம் 3 மாதம். 2024-இல் சர்வதேச இதயத் துடிப்புச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை அதை 8 வாரமாகக் குறைத்தது. ஐந்தாவது வாரத்திலேயே ரீடூவுக்குத் தேதி குறிக்கும் டாக்டரிடம், அவசரம் எதற்கு என்று கேட்கலாம், கேட்க வேண்டும். விடாமல் ஓடும் ஃப்ளட்டர் மாதிரி ஓரிரு நிலைகளில் மட்டும் அதற்கு நியாயமான பதில் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காலத்தில் கார்டியோவெர்ஷன் (மின்அதிர்வோ மருந்தோ கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவது) செய்து பொறுத்துப் பார்ப்பதே போதும்.

அடுத்த சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. ஆய்வுகளில் கோளாறு 30 விநாடி ஓடினாலே ‘தோல்வி’. 2019-இல் வந்த சர்கா-டோஸ் ஆய்வில் 346 பேருக்குத் தோலடியில் மானிட்டர் வைத்துப் பார்த்தார்கள். அந்த 30 விநாடிக் கணக்கில் ஓராண்டு தப்பியவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் அதே ஆட்களிடம் கோளாறு ஓடிய மொத்த நேரம் 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. மாதம் பத்து மணி நேரம் அவதிப்பட்டவர் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை கால் மணி நேரம் படபடத்தால், அதற்காக மறுபடி இதயத்துக்குள் கம்பி விடுவது அவசியமா? எங்கள் கணக்கில் பெரும்பாலும் இல்லை. உடலில் மாட்டிக்கொண்டு தொடர்ந்து ஈ.சி.ஜி. பதியும் ஹோல்டரிலோ பட்டை மானிட்டரிலோ மொத்த நேரம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி.

ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் இங்கே நன்றாகவே உதவுகிறது, வெறும் நாடி எச்சரிக்கை போதாது. ஆனால் ஃப்ளட்டரா என்ற சந்தேகம் வந்தால் கிளினிக்கில் எடுக்கும் முழு 12 லீட் ஈ.சி.ஜி.க்கு மாற்றே இல்லை. ஃபிப்ரிலேஷனில் நாடி ஒழுங்கில்லாமல் துள்ளும். அப்லேஷனுக்குப் பின் வரும் ஃப்ளட்டரில், உட்கார்ந்திருந்தாலும் நடந்தாலும் ஒரே எண்ணில், உதாரணமாக 130-இல், பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். நோயாளிக்கு அது முன்பைவிட மோசமாகத் தெரியும். டாக்டருக்கோ அது நல்ல செய்தியாக இருக்க வாய்ப்புண்டு. சுழல் ஒன்றுதான் என்றால் பாதையைக் கண்டுபிடித்து அறுத்துவிடலாம். எனவே படபடக்கும் நேரத்திலேயே பக்கத்து கிளினிக்குக்குப் போய் 12 லீட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீடூ திட்டத்தையே மாற்றக்கூடிய காகிதம் அது.

இனி உள்ளே நடப்பது. 1998-இல் பிரான்ஸின் போர்தோவில் ஹைஸ்ஸகேர் குழு 45 நோயாளிகளிடம் பார்த்த 69 தொடக்கப் புள்ளிகளில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. அன்றிலிருந்து சிரைகளைச் சுற்றி வேலி போடுவதே அப்லேஷனின் அடிப்படை. ரீடூவில் டாக்டர் செய்யும் முதல் வேலை அந்த வேலி நிற்கிறதா என்று பார்ப்பது. வட்டமாக வளைந்த கேத்தீட்டரை (இதயத்துக்குள் விடும் மெல்லிய கம்பியை) சிரையின் வாயில் வைக்கிறார். திரையில் பத்து இருபது வரிகள். வேலி சரியாக இருந்தால் சிரைக்குள்ளிருந்து ஒரு அசைவும் இல்லை, தூரத்தில் இதயம் துடிக்கும் மழுங்கிய நிழல் மட்டும். எங்காவது இடைவெளி இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஊசி முனை மாதிரி கூரான ஒரு சமிக்ஞை குதிக்கும். எந்த வரியில் அது முதலில் வருகிறதோ, அங்கேதான் ஓட்டை. இடப்பக்க மேல்சிரைக்கும் மேலறையின் காது போன்ற பைக்கும் நடுவிலுள்ள மேடு, மேல்சிரைக்கும் கீழ்ச்சிரைக்கும் இடைப்பட்ட பாலம், இவை அடிக்கடி திறந்துகொள்ளும் இடங்கள். மேட்டின் மேல் கேத்தீட்டர் வழுக்கும். பாலத்தில் தசை தடிப்பு. அங்கே சில விநாடிகள் சுட்டதும் அந்த ஊசி முனைகள் தாமதித்து, ஒன்று விட்டு ஒன்று வந்து, சட்டென்று நின்றுவிடும்.

இப்படி ஓட்டை கிடைத்த ரீடூதான் நல்ல ரீடூ. காரணம் தெரிந்தது, அடைத்தாயிற்று.

நான்கு சிரையும் மௌனமாக இருந்தால்தான் தலைவலி. முதல் டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார், கோளாறு வேறெங்கோ. இந்த இடத்தில்தான் ஆளுக்கொரு கொள்கை. துடிப்பைத் தூண்டும் ஐசோபுரோட்டரினால் மருந்து கொடுத்து, மேற்பெருஞ்சிரை, கொரோனரி சைனஸ் போன்ற பிற ரத்தக்குழாய்களிலிருந்து கிளம்புகிறதா என்று தேடுவார்கள். பின்சுவரைத் தனிமைப்படுத்துவார்கள். கோடுகள் போடுவார்கள். மேலறையை ஒட்டியுள்ள மார்ஷல் என்ற சிறு சிரைக்குள் எத்தனால் (ஆல்கஹால்) செலுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரே தரத்தில் இல்லை. விடாப்பிடி ஃபிப்ரிலேஷன் உள்ள 589 பேரை வைத்து 2015-இல் வெளியான ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில், சிரைகளை மட்டும் சுட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு 18 மாதம் கோளாறு வரவில்லை. கூடுதலாகக் கோடு போட்டவர்களில் அது 46 சதவீதம்தான். 2023-இன் காப்லா ஆய்வில் 338 பேரில் பின்சுவரைச் சேர்த்துச் சுட்டதால் லாபம் எதுவும் இல்லை. 2020-இன் வீனஸ் ஆய்வில், 343 பேரில், மார்ஷல் எத்தனால் சேர்த்தபோது கோளாறு திரும்பாதவர்கள் 38 சதவீதத்திலிருந்து 49.2 ஆக உயர்ந்தார்கள். இவை முதல் முறை அப்லேஷன் செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வுகள் என்பதால் ரீடூவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் “நிறையச் சுட்டால் நிறையக் குணம்” என்ற எண்ணத்தைக் கழற்றி வைக்க இவை போதும்.

மேலறைப் பையையே மின்சார ரீதியாகத் துண்டிக்கும் திட்டம் பேச்சில் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். துண்டித்த பை சுருங்குவது குறையும், ரத்தம் தேங்கி உறையும். அதன் பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை, அல்லது பையை அடைக்கும் கருவி வைக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே சொல்லாமல் செய்வது எங்கள் பார்வையில் மன்னிக்க முடியாத குறை.

கருவிகளுக்கு வருவோம். ரீடூவுக்கு இன்னமும் நம்பகமான வேலையாள் வெப்பத்தால் சுடும் ரேடியோ அதிர்வலைக் கேத்தீட்டர்தான். புள்ளி புள்ளியாகச் சுடுவது ஓட்டை அடைக்கத் தோதானது. அழுத்தம் காட்டும் முனை இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் போவது நல்ல பழக்கம். குறைகளும் உண்டு. முனையைக் குளிர்விக்க ஓடும் உப்புநீர், நீண்ட கேஸில் ஒரு லிட்டரைத் தாண்டி உடலில் சேரும். இதயம் பலவீனமானவருக்கு அன்றிரவே மூச்சு வாங்கும். சிறுநீர் பிரிக்கும் மருந்து கொடுத்து வடிக்க வேண்டியிருக்கும்.

சிரையின் வாயைக் குளிரால் உறைய வைக்கும் கிரையோ பலூன் முதல் முறைக்கு அருமையான கருவி. 2016-இல் 762 பேரை வைத்து நடந்த ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வு, அது ரேடியோ அதிர்வலைக்குச் சளைத்ததில்லை என்று காட்டியது. ரீடூவுக்கு அவ்வளவு பொருந்தாது. மூலையிலுள்ள சின்ன ஓட்டைக்காகச் சிரை முழுவதையும் உறைய வைப்பது, சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சுவரையே பூசுவது மாதிரி. வலப்பக்கம் உறைய வைக்கும்போது உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பும் பாதிக்கப்படலாம். அதற்காக அந்த நரம்பை மின்தூண்டி, ஒருவர் நோயாளியின் வயிற்றில் கை வைத்தபடியே இருப்பார். உதை மெலிந்தால் உடனே உறைய வைப்பதை நிறுத்த வேண்டும். மேப்பிங் கருவி (இதயத்துக்குள் மின்னோட்டத்தை வரைபடமாக்குவது) இல்லாமல் கிரையோ மட்டுமே செய்யும் லேப்பாக இருந்தால், ரீடூவுக்கு வேறு இடம் பார்ப்பதே நல்லது.

பல்ஸ்டு ஃபீல்ட் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர். சூடும் குளிரும் இல்லை. நுண்விநாடி மின்துடிப்புகள் தசைச் செல்லின் சவ்வைத் துளைக்கின்றன, பக்கத்திலுள்ள உணவுக்குழாய் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 2023-இன் அட்வென்ட் ஆய்வில் அது வெப்ப முறைகளுக்கு இணையாக நின்றது. 17,642 பேரின் மேனிஃபெஸ்ட்-17கே தொகுப்பில் உணவுக்குழாய்ச் சேதம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பக்கவாதம் 0.12 சதவீதம், இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது 0.36 சதவீதம். வேகமும் பாதுகாப்பும் பாராட்டத்தக்கவை. ஆனால் துடிப்புகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போகும், அரிதாகச் சிறுநீரகம் அடிவாங்கும். மைட்ரல் பக்கம் கோடு போடும்போது இதயத் தமனி இறுகலாம், அதனால் முன்னதாகவே நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. மேசையில் இருக்கும்போது திசு மயங்கி மௌனமாகிவிடும், செத்ததா தூங்குகிறதா என்று அப்போது தெரியாது. “புது மெஷின் வந்திருக்கு” என்பது மட்டும் ரீடூவுக்குக் காரணமாக முடியாது.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எலெக்ட்ரோபிசியாலஜிஸ்ட் (இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர்) என்ற பட்டம் குறைந்தபட்சத் தகுதிதான். 2000 முதல் 2010 வரையிலான அமெரிக்க ஆஸ்பத்திரிப் பதிவுகளை அலசிய ஆய்வில், ஆண்டுக்கு 25 அப்லேஷனுக்குக் குறைவாகச் செய்யும் டாக்டர், 50-க்குக் குறைவாகச் செய்யும் ஆஸ்பத்திரி, இவற்றில் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. அது பழைய கணக்கு. இன்றைக்கு ரீடூவுக்கு அந்த எண்ணிக்கையை அடித்தளமாக வைத்து, அதற்குப் பல மடங்கு மேலே இருப்பவரைத்தான் தேட வேண்டும். எண்ணிக்கையைவிட அதன் உள்விவரம் பேசும்: போன ஆண்டு செய்ததில் ரீடூ எத்தனை, ஃப்ளட்டர் சுழல்களை மேப் செய்தது எத்தனை, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியது எத்தனை பேருக்கு. தன் சொந்த எண்ணைச் சொல்பவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். “எங்ககிட்ட அப்படி ஆனதே இல்லை” என்றால், ஒன்று நிறையச் செய்ததில்லை, இல்லாவிட்டால் கணக்கு வைப்பதில்லை.

ஆலோசனை அறையில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் மனசுக்குள் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளலாம்:

“டாக்டர், போன தடவை பண்ணினது போதலையா?”

“அதை உள்ளே போய்ப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்மா. முதல்ல பழைய ரிப்போர்ட்டைக் கொடுங்க. படபடக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. இருந்தா அதையும்.”

“நாலு சிரையும் சரியா இருந்துச்சுன்னா?”

இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆளைத் தெரியும். “அப்படின்னா இதை இதைத் தேடுவேன், கிடைக்கலைன்னா வெளியே வந்துடுவேன்” என்பவர் நல்லவர். “அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நூறு சதவீதம் குணம் என்று சொல்பவரிடம் முதலில் உட்காரவே வேண்டாம்.

முதலில் செய்தவரிடமே போவதா, வேறொருவரிடமா? அவர் ரிப்போர்ட் தெளிவாக எழுதுபவர், மேப்பிங் வசதி உள்ளவர், முதல் முறை ஏன் நிற்கவில்லை என்று வெளிப்படையாகப் பேசுபவர் என்றால் மாற வேண்டியதில்லை. இல்லையென்றால் கூச்சப்படாமல் இரண்டாவது கருத்து கேளுங்கள். இந்தத் துறையில் அது அன்றாட வழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேத்தீட்டரைப் பிடிக்கப்போவது அவரா, பயிற்சி டாக்டரா என்று கேட்பதும் மரியாதைக் குறைவு இல்லை. அதே கட்டடத்தில் இதய அறுவை சிகிச்சைக் குழு இருக்கிறதா என்பதை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேதிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எடை, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, ரத்த அழுத்தம், மது, தைராய்டு, இவற்றைச் சரிசெய்யாமல் செய்யும் ரீடூ ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015-இல் வெளியான லெகசி ஆய்வில் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைத்தவர்கள் கோளாறு இல்லாமல் இருக்க ஆறு மடங்கு வாய்ப்பு இருந்தது. 2020-இல் அதே நாட்டில் 140 மது அருந்துபவர்களை வைத்து நடந்த ஆய்வில், நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கும், நிறுத்தாதவர்களில் 73 சதவீதம் பேருக்கும் கோளாறு திரும்பியது. முதல் அப்லேஷனுக்கு முன் பலிக்காத, துடிப்பைச் சீராக்கும் மாத்திரை இப்போது பலிக்கவும் கூடும். அதை ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லும் டாக்டர் தட்டிக்கழிக்கவில்லை. மேலறை மிகவும் விரிந்து, பெரும்பகுதி வடுவாகி, ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் ஃபிப்ரிலேஷனில் இருப்பவருக்கு ரீடூவின் பலன் சுருங்கிவிடும். அவரிடம் மார்புக்கூட்டு வழி அறுவையையும் சேர்த்த கூட்டுமுறை, அல்லது பேஸ்மேக்கர் வைத்து, மேலறையின் மின்சமிக்ஞையைக் கீழறைக்குக் கடத்தும் ஏ.வி. முடிச்சைச் சுடுவது பற்றியும் பேச வேண்டும்.

அன்றைய தினம் பற்றிச் சுருக்கமாக: ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைப் பொதுவாக நிறுத்தாமலே செய்கிறார்கள். மேலறைப் பையில் ரத்தக்கட்டி இல்லை என்று உணவுக்குழாய் வழி எக்கோவிலோ சி.டி.யிலோ இதயத்துக்குள் வைக்கும் அல்ட்ராசவுண்டிலோ உறுதி செய்ய வேண்டும். தொடை இடுக்கில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் ரத்தக்கட்டு குறையும். உள்ளே ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்து, ரத்தம் உறையும் நேரத்தை 300 விநாடிக்கு மேல் வைத்திருப்பார்கள். முடிந்ததும் குத்திய இடத்தில் எட்டு வடிவத் தையல், சில மணி நேரம் கால் மடக்காமல் படுக்கை.

வீட்டுக்கு வந்த பின் கவனிக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 5,53,729 அப்லேஷன்களை அலசிய பாட்டர்-ஏ.எஃப். ஆய்வில் 138 பேருக்கு மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளை விழுந்திருந்தது. மிக அரிது, ஆனால் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் பிழைக்கவில்லை. துளை தெரியவந்தது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டி, அதாவது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில். இரண்டு மாதத்துக்குள் காரணம் தெரியாத காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, கை கால் மரப்பு, பேச்சுக் குழறல், எது வந்தாலும் அப்லேஷன் செய்துகொண்டதைச் சொல்லி உடனே மார்பு சி.டி. கேட்க வேண்டும். எண்டோஸ்கோப்பி கூடாது. அதில் ஊதும் காற்று துளை வழியே இதயத்துக்கும் மூளைக்கும் போய்விடும். பொது மருத்துவர் நல்லெண்ணத்தில் எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக்கொடுக்கும் ஆபத்து நிஜமாகவே உண்டு. இந்த மூன்று வரியை ஒரு அட்டையில் எழுதி வீட்டார் கையில் கொடுத்து வையுங்கள். சில மாதம் கழித்து மூச்சிரைப்பும் இருமலும் ரத்தம் கலந்த சளியும் வந்தால் நுரையீரல் சிரை சுருங்கியிருக்கலாம். நிமோனியா என்று மருந்து ஓடிக்கொண்டே இருக்கும், சி.டி. எடுக்கும்வரை பிடிபடாது.

உறைவுத் தடுப்பு மாத்திரை குறைந்தது 2 மாதம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல், 3 மாதம் என்கிறது 2023-இன் அமெரிக்க வழிகாட்டுதல். அதற்குப் பிறகும் தொடர்வதா என்பது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய பக்கவாதம் இவற்றைப் பொறுத்தது. படபடப்பு நின்றதற்காக மட்டும் அதை நிறுத்தக்கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று பில்லுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே இந்த முறையின் முழு புரொசீஜர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்தச் சிரையில் எந்த இடத்தில் ஓட்டை இருந்தது, எந்தக் கோட்டில் இரு திசையும் நின்றது, எது நிற்கவில்லை, மேப் படங்கள், கடைசியாகத் தூண்டிப் பார்த்தபோது என்ன வந்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். “சிஸ்டம்ல இருக்கு, அப்புறம் அனுப்பறோம்” என்பார்கள். கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.